கால் தரையில் நிற்காத பாஞ்சாலி

பாஞ்சாலி பொதட்டூர்பேட்டைக்காரி. விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பிறந்து வளர்ந்ததால் அவளுக்கு மெதுவாகப் பேச வராது. திருத்தணி மலையடிவாரத்தில் டீக்கடை வைத்திருந்த அத்தை மகன் பங்காருவைக் கட்டிக்கொண்டு வந்த நாள் முதல் அந்தத் தெருவே அவள் குரலில்தான் விழித்தது. அவள் "பாவா" என்று ஒரு சத்தம் கொடுத்தால் ரயிலடியில் இருக்கிறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான் என்று பங்காரு பெருமையாகச் சொல்லிக்கொள்வான்.

அப்படிப்பட்டவள் தொண்ணூற்று ஐந்தாம் வருஷம் பேச்சை நிறுத்திவிட்டாள். மூன்றாவதாக வயிற்றில் வந்த பிள்ளையும் தங்கவில்லை. கர்ப்பப்பையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பாள் என்று ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவள் மாதக்கணக்கில் அப்படியே கிடந்தாள். பங்காரு மலையேறிப் போய் முருகனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தான். அவளுக்கென்று பாலைச் சுண்டக் காய்ச்சி எடுத்துவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பான். அது ஆடை படிந்து ஆறிப்போகும்.

பக்கத்து வீட்டு ரத்தினம்மாள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பின்தெரு ஜெபக்கூடத்துக்குப் போகிறவள். ஒரு நாள் வந்து பாஞ்சாலியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ சாமி கும்பிட வாணாம். சும்மா வந்து குந்திகினு இரு. இந்தச் செவுரு எங்கயும் ஓடிப்போவாது, வந்து பாத்துக்கலாம்."

ஜெபக்கூடம் என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான அறை. ஏசடியான் பாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார். அப்போது திறந்திருந்த கதவு வழியாக ஒரு வெள்ளாடு உள்ளே வந்தது. நேரே பிரசங்க மேடைக்குப் போய், அங்கே தொங்கவிட்டிருந்த காகித மாலையை மெல்லத் தொடங்கியது. பாஸ்டர் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தார். ஜெபத்தை நிறுத்தவும் மனசில்லை, மாலையை விடவும் மனசில்லை. ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே ஆட்டின் கொம்பைப் பிடித்துக் கதவுப்பக்கம் தள்ளினார். ஆடு அவரை மேடைப்பக்கம் தள்ளியது. ஜெபம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது.

பாஞ்சாலிக்கு அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பியது. அழுகை என்று நினைத்து முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்காமல் வெளியே வந்தது சிரிப்பு. தறி ஓடுகிற வீட்டில் சிரிக்கிற சிரிப்பு. கூடமே திரும்பிப் பார்த்தது. பாஸ்டரோ ஆட்டை விட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு தானும் சிரித்தார்.

"சிரிங்கம்மா, நல்லாச் சிரிங்க. இங்க சிரிக்கலாம்."

அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். அடுத்த வாரம் அவளாகவே கிளம்பினாள். ஒரு வருஷம் கழித்துத் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு கழனியின் பம்புசெட்டுத் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தாள். எஸ்தர் என்று பேர் வைக்கலாம் என்றார் பாஸ்டர். "எஸ்தர்னு கூப்டா நான் திரும்பிப் பாக்கமாட்டேன் ஐயா" என்றாள் அவள். ஆக, பாஞ்சாலியாகவே முழுகி பாஞ்சாலியாகவே எழுந்தாள். உறவுக்காரர்கள் முகம் சுளித்தார்கள். ஆடிக் கிருத்திகை தவறாமல் காவடி எடுக்கிற பங்காருவுக்கு அந்தச் சுளிப்பெல்லாம் இல்லை. "எந்தச் சாமி அவள எழுப்பி உக்கார வெச்சுதோ, அந்தச் சாமிக்கு நம்ம கடையில எப்பவும் டீ ஃப்ரீ" என்று சொல்லிவிட்டான்.

நாற்பதைத் தாண்டியதும் அவளுக்குச் சர்க்கரை வந்தது. தினமும் நடக்கச் சொன்னார் டாக்டர். விடிந்தும் விடியாமலும் அரக்கோணம் சாலையில் நடக்கத் தொடங்கினாள். ஒரு அடிக்கு ஒரு ஸ்தோத்திரம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு போவாள். சொல்லச் சொல்ல மனசு பொங்கும், பொங்கப் பொங்கக் கால் வேகமெடுக்கும். இடுப்பு ஒரு பக்கம் வெட்ட, கை இரண்டும் விசைத்தறி நாடா போலப் போய்வர, அவள் வருகிற வேகத்தைப் பார்த்து நாய்களே ஒதுங்கி நின்றன.

ஒரு நாள் மேட்டில் திணறிக்கொண்டு ஏறிய ஒரு டிவிஎஸ் ஃபிப்டியை அவள் முந்திப் போனாள். வண்டியில் இருந்தவர் நாகராஜன், பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். விசில் இல்லாமல் வெளியே வராத மனிதர். ஊதி நிறுத்தினார்.

"எங்கம்மா இவ்ளோ அவசரமா போற?"

"எங்கயும் இல்ல சார். சும்மா."

"சும்மா போறதுக்கா இந்த வேகம்?"

"சக்கர சார்."

இதற்கென்றே ஒரு போட்டி இருக்கிறது, மூத்தோர் தடகளம் என்று நடத்துகிறார்கள், அதில் வேக நடை உண்டு என்று அவர் சொன்னபோது பாஞ்சாலி மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நடக்கறதுக்குப் போட்டியா? அப்போ எங்கூர் பொம்பளைங்க எல்லாருக்கும் பரிசு குடுக்கணுமே!" ஆனாலும் மறுநாள் ரயில்வே மைதானத்துக்கு வந்து நின்றாள். மாஸ்டர் விதியைச் சொன்னார். எந்த நேரமும் ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். இரண்டும் ஒன்றாகத் தரையை விட்டால் அது நடை இல்லை, ஓட்டம். அதைப் பார்க்கவே நடுவர்கள் நிற்பார்கள். மூன்று பேர் சிவப்பு அட்டை எழுதினால் வெளியே போக வேண்டியதுதான்.

சுடிதார் போட வேண்டும் என்றதும்தான் ஜெபக்கூடத்தில் சலசலப்பு. பாஸ்டர் அவளைக் கூப்பிட்டார்.

"வேதத்துல பவுல் ஓட்டத்தப் பத்தி எழுதியிருக்காரு, சரி. நடைப் போட்டியப் பத்தி எங்கம்மா எழுதியிருக்கு?"

"ஐயா, இயேசு ஊரூரா நடந்துதானே போனாரு? எங்கியாச்சும் ஓடினாரா?"

பாஸ்டர் யோசித்தார். எவ்வளவு யோசித்தும் அவர் ஓடிய இடம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. கடைசியில் அவரே ஜெபம் செய்து அனுப்பினார். கிளிப்பச்சைச் சுடிதாரைப் பங்காருதான் தேர்ந்தெடுத்தான். "ஸ்கூல் பொண்ணாட்டம் கீற" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னான்.

இரண்டாயிரத்து ஒன்றில் திருவள்ளூரில் மாவட்டப் போட்டி. மற்ற பெண்களை அரைச் சுற்று பின்னால் விட்டுவிட்டு அவள் வந்துகொண்டிருந்தாள். கடைசித் திருப்பத்தில் கூட்டத்தைப் பார்த்தாள். பங்காரு துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தான், ரத்தினம்மாள் குலவை போட்டாள், பாஸ்டர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். சுவரைப் பார்த்துக் கிடந்த தன்னைப் பார்க்க இத்தனை பேரா என்று ஒரு நினைப்பு வந்தது. அவ்வளவுதான். உள்ளங்காலிலிருந்து ஒரு சந்தோஷம் மேலே ஏறியது. கோட்டைத் தொடுமுன்பே அவள் கன்றுக்குட்டி மாதிரித் துள்ளிவிட்டாள். ஒரு துள்ளல் இல்லை, கோடு வரைக்கும் துள்ளல்தான்.

மூன்று பேர் எழுதிய சிவப்பு அட்டைகளோடு நடுவர் எதிரே வந்தார். "ஓடிட்டீங்கம்மா."

"ஓடல சார். எழும்பிட்டேன்."

"எழும்பினாலும் தப்புதாம்மா."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். பங்காரு அவள் காதருகே குனிந்து, "ஏன் மே, சந்தோஷமா இருந்ததுக்குத் தண்டன வாங்கினவ இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்" என்றான். அவள் அழுகைக்கு நடுவில் சிரிக்க, அவனும் சிரிக்க, கண்டக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இருந்தாலும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை. சந்தோஷம் தப்பா? பாஸ்டரிடமே கேட்டாள். "ஆண்டவர் அதுக்கெல்லாம் அட்டை காட்டமாட்டாரும்மா" என்றார் அவர். "ஆனா நீங்க போற மைதானத்துல காட்டுவாங்க. அவங்க சொல்றதையும் கேட்டுத்தான் ஆகணும்."

நாகராஜன் மாஸ்டர் சொன்ன வழி வேறு. டீக்கடைச் சர்க்கரை மூட்டையில் பாதியை ஒரு பைக்குள் கட்டி முதுகில் மாட்டிவிட்டார். "இப்போ எழும்பு பாக்கலாம்." எழும்ப முடியவில்லை. பாரம் அவளைத் தரையோடு வைத்திருந்தது. சர்க்கரை வியாதிக்காரி சர்க்கரையைச் சுமந்துகொண்டு விடியற்காலையில் பறப்பதைப் பார்த்து, ஏதோ அவசரத்துக்கு ஓடுகிறாள் போலிருக்கிறது என்று சித்தூர் பஸ்காரர் ஒருவர் வண்டியையே நிறுத்தினார். "ஏறிக்கம்மா, எங்க போணும்?" கையை ஆட்டிவிட்டு அவள் முந்திப் போனாள். இரண்டு வருஷம் இப்படியே. பாரத்தை இறக்கிவைத்த பிறகும் கால் தரையை மறக்காத நாள் ஒன்று வந்தது. சந்தோஷம் குறைந்துவிடவில்லை. அது காலை விட்டு ஏறி, சிரிப்பாக முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

இரண்டாயிரத்து மூன்றில் மதுரையில் மாநிலப் போட்டி. ஐயாயிரம் மீட்டர் என்றால் பன்னிரண்டரைச் சுற்று. எண்ணிக்கொண்டு வா என்று மாஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவளோ முதல் சுற்றை ரத்தினம்மாளுக்கும், இரண்டாவதைத் தங்காமல் போன பிள்ளைகளுக்கும், அடுத்ததைப் பாஸ்டர் சம்சாரத்தின் மூட்டு வலிக்கும் என்று ஜெபித்துக்கொண்டே வந்ததில் கணக்கு தப்பிவிட்டது. அவளுக்கு முன்னால் இரண்டு பேர் போனார்கள். பின்னால் நிறையப் பேர். சிவப்பு அட்டை ஒன்றுகூட எழவில்லை. மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள். தாண்டியவள் நிற்கவில்லை.

"நில்லு மே! முடிஞ்சிட்ச்சி!" பங்காரு வேலிக்கு வெளியே கூடவே ஓடினான்.

அவள் அதை உற்சாகப்படுத்துவதாக நினைத்து இன்னும் வேகமெடுத்தாள். நாகராஜன் மாஸ்டர் விசில் ஊதினார். அதையும் அப்படியே எடுத்துக்கொண்டாள். மைதானமே சிரித்தது. பாதிச் சுற்றில் ஒரு நடுவர் அவளுக்குப் பக்கத்தில் ஓடிவந்து, மூச்சு வாங்க, "அம்மா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. இனிமே நீங்க எப்படி வேணா வரலாம்" என்றார்.

"எப்படி வேணான்னா? எழும்பலாமா சார்?"

"தாராளமா."

மிச்சப் பாதிச் சுற்றையும் பாஞ்சாலி துள்ளிக்கொண்டே வந்தாள். கிளிப்பச்சைத் துப்பட்டா பின்னால் பறக்க, வேலிக்கு அந்தப் பக்கம் பங்காருவும் துள்ளிக்கொண்டு வந்தான். முதலிடம் வந்த தூத்துக்குடி டீச்சர் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "அக்கா, உங்க மெடலத்தான் எனக்குக் கேக்கணும்போல இருக்கு" என்றாள்.

ஊருக்கு வந்த பிறகு, மூட்டு வலிக்காரியான பாஸ்டர் சம்சாரம்தான் முதலில் அவளோடு நடக்க வந்தாள். அடுத்து மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கிற குடும்பத்து ஞானம் மாமி வந்தாள். பிரசாத இனிப்பு வாசனையிலேயே சர்க்கரை ஏறிவிட்டதாக அவளுக்கு ஒரு குறை. ஒருத்தி வாயில் ஸ்தோத்திரம், இன்னொருத்தி வாயில் சரவணபவ. வேகம் மட்டும் ஒன்றுதான். மழைக்காலம் முடிவதற்குள் பத்துப் பதினைந்து பேர் ஆகிவிட்டார்கள். நடந்து முடித்து எல்லோரும் பங்காருவின் கடை முன்னால் வந்து நின்று சர்க்கரை போடாத டீ கேட்பார்கள். பேச்சும் சிரிப்புமாக அங்கே எழும் இரைச்சலில் கடை ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் என்ன சொல்கிறார் என்றே யாருக்கும் கேட்காது.

"கொஞ்சம் மெதுவாத்தான் சிரிங்களேன்" என்பான் பங்காரு, டீயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே.

"முடியாது பாவா" என்பாள் பாஞ்சாலி.