இடது வயிற்றைத் தட்டியவர்

அவர் நெற்றி முழுக்கத் தழும்புகள். சண்டைக்காரர் என்றுதான் முதலில் நினைத்தேன். மகாராஜா காலத்தில், மைசூர் தேவராஜ மார்க்கெட் வாசலில் நிற்கும் ஒவ்வொரு வண்டிமாட்டின் இடது வயிற்றையும் விரலால் தட்டி, காதை வைத்துக் கேட்பார்.

அவரைக்காய் சீசன். மார்க்கெட்டில் கழித்துப்போட்ட ஈரக்கொடியை அள்ளி என் மயிலைக்காளைக்கு வயிறு முட்டப் போட்டிருந்தேன். அவர் தட்டிப் பார்த்தார்.

"உள்ள காத்து கட்டுது. வண்டி பூட்டாத, விழுந்துரும்."

சிரித்துவிட்டுப் பூட்டினேன். தெருமுனைகூடத் தாண்டவில்லை, வயிறு பானையாய் உப்பிக் காளை சாய்ந்தது.

ஓடிவந்தவர் என் வாயிலிருந்த பீடியைப் பிடுங்கி எறிந்தார். "இந்தக் காத்து தீப்புடிக்கும்டா!" என்று கத்திக்கொண்டே காளையின் வயிற்றில் கத்தியை இறக்கி, அந்த ஓட்டையில் ஒரு மூங்கில் குழாயைச் செருகினார். காளையைக் கொல்கிறான் என்று சாட்டைக்கம்பால் அவர் நெற்றியில் ஓங்கி அடித்தேன். ரத்தம் கண்ணில் வழிந்தது. மறுபடியும் அடித்தேன்.

"அடிக்கறதுன்னா அடி. கொழாயப் புடிச்ச கையில மட்டும் அடிக்காத, காத்து போவட்டும்" என்றார்.

புஸ்ஸென்று நாற்றத்தோடு காற்று இறங்க இறங்க வயிறு வற்றியது. காளை எழுந்து நின்றது. அவர் நெற்றியைத் துண்டால் அழுத்திக்கொண்டு அடுத்த வண்டிக்குப் போய், அந்த மாட்டின் வயிற்றைத் தட்டினார்.

அந்த வண்டிக்காரன் கையிலும் சாட்டை இருந்தது.