தம்பி கொண்டு வந்த ஸ்லைடர்

முப்பது வருஷமாக அந்த மோட்டார் சைக்கிளில்தான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாள். பிரசவ வார்டில் தலைமை நர்ஸ். வண்டிச் சத்தம் வாசல் கேட்டைத் தாண்டியதுமே வார்டில் அரட்டை கப்சிப் ஆகிவிடும். ‘புயல்’ என்பது மற்ற நர்ஸ்கள் வைத்த பேர்.

போன மாதம் சிக்னலில் ஒரு கார் அவளை லேசாக இடித்துச் சாய்த்துவிட்டது. முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. வெளிநாட்டில் லேத் பட்டறையில் வேலை பார்க்கும் தம்பிக்குச் சேதி எட்டியதும், எஞ்சின் போல்ட்டின் நீளத்தை அளந்து சொல்லச் சொன்னான். லீவில் வந்து பெட்டியைத் திறந்தவன் முதலில் வெளியே எடுத்தது இரண்டு நைலான் உருளைகளையும் இரண்டு நீள போல்ட்டுகளையும்.

“இதென்னடா, கதவுக் கைப்பிடியா?”

“ஃபிரேம் ஸ்லைடர், அக்கா. நானே கடைஞ்சது. வண்டி சாய்ஞ்சா முதல்ல இதுதான் தரையில தேயும். எஞ்சினுக்கு அடிபடாது.”

“எனக்கு?”

“நீ விழுந்தா ரோட்டுக்குத்தான் அடிபடும்.”

மறுநாள் காலை பின்கட்டில் இருவரும் உட்கார்ந்தார்கள். எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கு கொடுத்தான்.

“ரெண்டு பக்கத்து போல்ட்டையும் ஒண்ணாக் கழட்டிடாதே. எஞ்சின் இறங்கிடும்” என்றாள் அவள்.

வலப் பக்கம் சட்டென்று முடிந்தது. இடப் பக்கத்து போல்ட் துருவேறிக் கிடந்தது, அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்தார்கள். அதற்குக் கீழே எஞ்சின் மூடியில், வெல்டிங் வைத்த பழைய தழும்பு அவள் கண்ணில் பட்டது.

அந்தத் தழும்பு விழுந்த காலத்தில் வண்டி இருவருக்கும் பொது. பகலில் அவளுக்கு, மாலையில் அச்சகத்துக்குப் போகும் அவனுக்கு. ஒரு மழைநாளில் ஆஸ்பத்திரிச் சரிவில் அவள் இடப் பக்கமாகச் சறுக்கி வண்டியைக் கீழே போட்டுவிட்டாள். வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து, சத்தமில்லாமல் நிறுத்திவிட்டாள். தரையில் ஒழுகிய எண்ணெயைப் பார்த்த அப்பா, நேரே மகன்மேல் பாய்ந்தார். அவன் வாயே திறக்கவில்லை. வண்டியைத் தொடக் கூடாது என்று அப்பா சொல்லிவிட, ஆறு மாசம் அச்சகத்துக்கு நடந்தே போனான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றவளும் வாய் திறக்கவில்லை.

“அன்னிக்கு வண்டியப் போட்டது நான்தான்டா” என்றாள் இப்போது.

“தெரியும்.”

“எப்படி?”

“உன் யூனிஃபார்மை ஊற வெச்சிருந்தியே. பக்கெட் தண்ணி தார் மாதிரி இருந்துச்சு.”

“அப்பவே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?”

“சொன்னா அப்பா உன்கிட்டருந்து சாவியப் பிடுங்கியிருப்பார். விடியக்கால ஷிப்டுக்குப் பஸ் ஏது? வேலையே போயிருக்கும். எனக்கென்ன, கால் இருந்துச்சு, நடந்தேன்.”

அவள் மூக்கை உறிஞ்சினாள். “மண்டு, மண்டு” என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அது அடியா தடவலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பதினோரு மணிக்கு போல்ட் இளகியது. ஸ்லைடரைப் பொருத்தி அவன் பிடித்துக்கொள்ள, அவள் முறுக்கினாள். கையைத் துடைத்துவிட்டு, சாவியை அவனிடம் நீட்டினாள்.

“ஒரு ரவுண்டு போயிட்டு வா.”

ஒரு ரவுண்டு என்று போனவன் முக்கால் மணி நேரம் கழித்துத்தான் வந்தான்.

“அச்சகம் வரைக்கும் போனேன். இப்போ அங்க மூக்குக் கண்ணாடிக் கடை” என்றவன், வண்டியை விட்டு இறங்க மனசில்லாமல் உட்கார்ந்திருந்தான். “ஆமா, நீ அன்னிக்குப் போட்டதுலருந்து வண்டி இன்னும் இடப் பக்கமா இழுக்குதே. கவனிக்கலையா?”

“பழகிடுச்சுடா” என்றாள் அக்கா.