கைதட்டலுக்குள் ஒரு குரல்

ஜான்-டலோன் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது ஷாலினி அழைத்தாள். "அன்ரி, அம்மா இண்டைக்குக் காலமை எங்களை விட்டுப் போயிட்டா" என்றாள். "ரெக்கோட் கேட்டுக்கொண்டு இருந்தவ" என்றும் சொன்னாள்.

அவளுடைய தாயார் புஷ்பராணி அக்கா திருகோணமலையில் பிறந்தவர். புலம்பெயர்ந்து வந்தபின் டோர்வலில், விமானங்களுக்கு உணவு தயாரிக்கும் சமையற்கூடத்தில் நெடுங்காலம் என் பக்கத்தில் நின்று வேலை செய்தவர். அதிகம் கதைக்கமாட்டார். ராக் இசை என்றால் "தலையிடி" என்பார். ஆனால் அறுபதுகளின் கடைசியில் ராக் குழுக்கள் மேடையில் வாசிக்கும்போதே பதிவான இசைத்தட்டுகள் அவர் வீட்டில் ஓர் அலுமாரி நிறைய இருந்தன.

காரணம் அவருடைய அண்ணன் ஜெயம். லண்டனுக்குப் படிக்கப் போனவர். ஒரு மாரிகாலத்தில் அவர் வாகனம் மோதி இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. அங்கேயே அடக்கம் செய்தார்கள். வீட்டார் எவரும் முகம் பார்க்கவில்லை. அக்கா அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை.

பல்லாண்டுகளின் பின், அக்கா குடியிருந்த பியர்பொன்ட்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் வீடு மாறும்போது ஒரு பெட்டிப் பழைய இசைத்தட்டுகளை அக்காவிடம் விட்டுப்போனார். சுருக்கம் போக உடுப்பு அழுத்தும்போது அக்கா ஒன்றைப் போட்டிருக்கிறார். லண்டன் மண்டபம் ஒன்றில் பதிவானது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது கூட்டத்திலிருந்து ஒரு விசில். அதைத் தொடர்ந்து, "இன்னொண்டு பாடு, தம்பி!"

அண்ணனின் குரலேதான். ஜெயம் அப்படித்தான் கூப்பிடுவாராம். பெரியவர், சின்னவர், பாதிரியார் எல்லாருமே அவருக்குத் தம்பிதான்.

அக்கா உறையைத் திருப்பிப் பார்த்தார். கச்சேரி நடந்தது, தந்தி வந்ததற்கு அடுத்த வருடம்.

மறுநாள் வேலையில் என்னிடம் கேட்டார்: "அப்ப அங்கை குழியிலை தாட்டது ஆரை, பிள்ளை?" கேட்டபடியே சாப்பாட்டுத் தட்டுகளை மூடிக்கொண்டிருந்தார்.

அண்ணன் உயிரோடிருக்கிறார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. லண்டனிலுள்ள உறவினரை விசாரிக்கச் சொன்னார். அந்தக் காலத்து மேடைப்பதிவுகளைத் தேடித் தேடி வாங்கினார். பாட்டுகளைக் கேட்கவேமாட்டார். ஊசியைத் தூக்கி, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையிலுள்ள ஆரவாரத்தில் மட்டும் வைப்பார். பக்கத்தில் இருந்து நானும் அந்தக் குரலைக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தின் நடுவிலிருந்து வரும். ஆனால் மண்டபத்தின் எதிரொலி அதில் இராது. அறைக்குள் நிற்பவர் கூப்பிடுவதுபோல் இருக்கும்.

ஒரு ஞாயிறு மத்தியானம், அமெரிக்க நகரமொன்றில் பதிவான தட்டிலும் அதே விசில், அதே குரல். அக்கா அதன் உறையையும் லண்டன் தட்டின் உறையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டு கச்சேரிகளும் ஒரே நாளில் நடந்தவை.

அக்கா தட்டுகளை உறைக்குள் போட்டார். பிறகு, "உயிரோடை இருக்கிற ஆள் ஒரே நாளிலை ரெண்டிடத்திலை நிக்கேலாது. அண்ணா செத்துத்தான் போனார்" என்றார். மெல்லச் சிரித்து, "ஆனா கச்சேரியை விடேல்லை" என்றார். அன்றோடு விசாரிப்பதை நிறுத்தினார். கேட்பதை நிறுத்தவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷாலினி என்னை வீட்டுக்கு அழைத்தாள். தனக்கு ஒருநாளும் அந்தக் குரல் கேட்டதில்லை என்றாள்; அம்மா பாவமென்று தனக்கும் கேட்பதாகச் சொல்லிவந்தாளாம். "நீங்களும் அப்பிடித்தானே, அன்ரி?"

இல்லையென்று சொல்லி, லண்டன் தட்டைப் போட்டேன். இடம் எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டு முடிந்தது. கைதட்டல் எழுந்தது. விசில் இல்லை. குரல் இல்லை. அமெரிக்கத் தட்டிலும் இல்லை. அலுமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டோம். எதிலுமே இல்லை.

என்னைப் பொய்க்காரி என்று நினைப்பாளோ என்று பயந்தேன். அவளோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இனி மாமாவுக்குக் கூப்பிடத் தேவையில்லைத்தானே" என்றாள்.

ஊசியைத் தூக்க இருவருக்கும் மனம் வரவில்லை. முகம் தெரியாத அத்தனை பேரும் கைதட்டிக்கொண்டேயிருந்தார்கள்.

அக்கா, உங்களை அந்தக் கூட்டத்துக்குள் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். அண்ணாவின் கையை விடாமல் நில்லுங்கள்.