தைலம் தடவியும் போகாத பருக்கள்

லாரியின் முன் கண்ணாடிக்குக் கீழே, சாமி படத்துக்குப் பக்கத்தில், பச்சைத் தைலப் புட்டி ஒன்று எப்போதும் நிற்கும். மேட்டில் ஏறும்போது சாயும், இறக்கத்தில் நிமிரும். அது என் தங்கையின் வீட்டுக்காரருடையது. தலைவலி, பூச்சிக்கடி, வயிற்றுப் பொருமல், எதுவானாலும் அவருக்கு அந்தப் புட்டிதான் டாக்டர். நியாலாஸ் பக்கத் தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் மில்லில் இறக்குவது எங்கள் வேலை. அவர் டிரைவர், நான் உதவிக்குக் கூடப் போகும் கெலிண்டான்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வருஷத்திலேயே, பள்ளிக்கூடத்தை விட்டதாலோ என்னவோ, தெரியாத எதுவும் எனக்கு முதலில் பெரிய நோயாகத்தான் தெரியும். ஒருமுறை தொடையிடுக்கில் சிவப்பாக ஒரு கட்டி கிளம்பியது. அன்றைக்கே கிளினிக்குக்கு ஓடினேன். முடி உள்பக்கமாக வளைந்து வளர்ந்திருக்கிறது, கிள்ளாமல் விட்டால் வற்றிவிடும் என்று சொல்லி அனுப்பினார்கள். இதை வாய்தவறி மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டேன். அதோடு என் மானம் போனது. மில் வாசலில் வரிசை பிடித்து நிற்கும் டிரைவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "நம்ம மச்சானுக்கு ஒரு மயிர் வளைஞ்சிருச்சுலா! அதுக்கு டாக்டர்கிட்ட எம்சி லீவு எடுத்துட்டு வீட்ல படுத்திருந்தாரு!" என்பார். "கிளினிக்ல ஒங்களுக்குன்னு தனி நாற்காலி போட்டு வச்சிருக்காங்களாமே?" என்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். வேறென்ன செய்வது?

அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் டுரியான் துங்கால் ஊரைத் தாண்டியதும் லாரியை ஓரங்கட்டினார். இன்ஜினை அணைத்தார். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

"மச்சான், ஒங்களுக்குத்தான் எல்லா கிளினிக்கும் தெரியுமே. நம்ம ஆளுங்க அதிகம் வராத கிளினிக் எது?"

"யாருக்கு மாப்பிள்ளை?"

"எனக்குத்தான்லா."

ஆணுறுப்பின் அடியில் பரு மாதிரி ஒன்று வந்திருக்கிறது. வலியில்லை. பிறகு பக்கத்திலேயே இன்னும் சில, முனை பிரிந்து பூக்கோசு போல. சூடு என்று நினைத்து இளநீர் குடித்துப் பார்த்திருக்கிறார். அப்புறம் இந்தத் தைலத்தைத் தடவியிருக்கிறார். கொஞ்ச நாள் முன்னால் அவர் காலை அகட்டி அகட்டி நடந்தது அவர் சொன்ன மாதிரி இடுப்புப் பிடிப்பால் அல்ல, தோல் வெந்துபோனதால் என்று அப்போதுதான் புரிந்தது. எப்போதிருந்து என்றேன். தீபாவளிக்கு முன்பிருந்தே என்றார். தைப்பூசமே முடிந்திருந்தது.

"தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவருக்கு இருப்பது அவளுக்கும் வந்திருக்குமா? இவருக்கு எங்கிருந்து வந்தது? கேட்கலாமா என்று மனம் அடித்துக்கொண்டது, கேட்காமலே விட்டேன். அவள் என் தங்கை. இவர் எனக்கு அண்ணன் தம்பி இல்லாத குறையைத் தீர்த்தவர். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் புட்டி மாதிரி ஆடிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் என் காரில் மஸ்ஜித் தானாவுக்குப் போனோம். அங்கே நம்மவர்கள் குறைவு. அப்படியும் வழியில் நெற்றியில் திருநீறு தெரிந்தால் போதும், மாப்பிள்ளை தொப்பியை இழுத்துவிட்டுக்கொள்வார். பெயரைக் கூப்பிட்டதும் என் சட்டையைப் பிடித்தார். "நீங்களும் உள்ள வாங்க மச்சான், பயமா இருக்குலா."

மலாய்க்கார டாக்டரம்மா. மாப்பிள்ளை சொன்னதைக் கேட்டும் அந்த அம்மாவின் முகம் மாறவில்லை. ரத்தம் வருகிறதா, புண் இருக்கிறதா, எவ்வளவு நாளில் பெருகியது என்று விசாரித்துவிட்டுத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பார்த்தார். மரு என்றார். உடலுறவில் தொற்றுகிற கிருமியால் வருவது. உறையவைத்து உதிர்க்கலாம், ஒரே தடவையில் போகாது, திரும்பியும் வரலாம். தைலமும் கூடாது, கைமருவுக்குக் கடையில் விற்கும் மருந்தையும் அங்கே வைக்கக்கூடாது. வேறு தொற்று இருக்கிறதா என்று ரத்தமும் எடுக்க வேண்டும். மனைவியும் வந்து சோதித்துக்கொள்ள வேண்டும்.

எப்போது தொற்றியது என்று மாப்பிள்ளை கேட்டார். சொல்ல முடியாது, மாதக்கணக்கில், வருஷக்கணக்கில்கூட வெளியே தெரியாமல் இருக்கும், யாரிடமிருந்து யாருக்கு என்பதும் பார்த்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மாப்பிள்ளை அந்தப் பதிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் பிடிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

கிளம்பும்போது என் பயம் சும்மா இருக்கவில்லை. எதற்கு வரவேண்டும், எதற்கு வரவேண்டாம் என்று கேட்டேன். அந்த இடத்தில் வருகிற கட்டிகளில் நிறைய கெடுதல் இல்லாதவைதான் என்றார். ஆனால் புதிதாக வந்தது ஓரிரு வாரத்தில் போகவில்லை என்றால், பெருகினால், வலித்தால், உடைந்து புண்ணானால், ரத்தமோ நீரோ கசிந்தால், காய்ச்சல் சேர்ந்தால், கூடப் படுப்பவருக்கு அப்படி ஏதாவது இருந்தால், காத்திருக்காமல் வாருங்கள் என்றார். "ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்புவதும் என் வேலைதான்" என்று மலாயில் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

திரும்பும்போது காரில் சொன்னேன். "நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன் மாப்பிள்ளை." "ஒரு வாரம் குடுங்க மச்சான்" என்றார். அந்த ஒரு வாரம் போன் அடித்தாலே அவள்தானோ என்று ஓடிப்போய் எடுத்தேன். தங்கை கூப்பிட்டு மீன் விலை பேசுவாள். அவள் குரலில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பேன்.

வாரக் கடைசியில் கூப்பிட்டாள். "அண்ணே, மஸ்ஜித் தானா கிளினிக் எத்தன மணிக்குத் தொறக்கும்?"

"நானே கூட்டிட்டுப் போறேன்மா" என்றேன்.

"வேணாம். அவரே கூட்டிட்டுப் போகட்டும். நான் உள்ள இருக்கற வரைக்கும் அவருதான் வெளிய நாற்காலில உக்காந்திருக்கணும்."

அவளுக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள், எவ்வளவு அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது. இப்போது ஜொகூரில் இருக்கிறார்கள். போன மாதம் மாப்பிள்ளை போன் செய்தார். மறுபடி ஒன்று வந்த மாதிரி இருந்ததாம், அன்றைக்கே கிளினிக்குக்குப் போய்விட்டாராம். "எம்சி எடுத்தீங்களா?" என்றேன். அந்தப் பக்கம் அதே பழைய சிரிப்பு.

லாரியை இப்போது நான் ஓட்டுகிறேன். புட்டியை எடுத்துப்போக அவர் மறந்துவிட்டார். மேட்டில் சாயும்போதெல்லாம் என் கை தானாகப் போய் அதன் மூடியை இறுக்குகிறது.