நாய் ஹாஸ்டலும் என் நீர்க்கட்டியும்

நாய்களுக்கு ஒரு ஹாஸ்டல் இருக்கிறது, அதில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது தர்மபுரியில் இருக்கும் என் அக்கா போனிலேயே சிரித்துவிட்டாள். பெங்களூர் வைட்ஃபீல்டில் இருக்கிறவர்கள் வெளியூர் போகும்போது நாயை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். குளிப்பாட்டுவது, கூண்டு கழுவுவது, அவை வெளிக்குப் போனதை அள்ளிப் போடுவது எல்லாம் நாங்கள்தான். நான் ஆறாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. என்னை மாதிரி அடுத்தவர் நாய்க்குப் பின்னால் நடந்து பிழைக்கிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வேகாத சாப்பாடு

சில நாய்களுக்குச் சோறு கூடாது, பச்சைக் கறிதான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கறிக்கடையில் விலை போகாத ஆட்டு ஈரலும் நுரையீரலும் மூட்டையாக வரும். நானும் கூட வேலை செய்கிற செல்வி அக்காவும் உட்கார்ந்து வெட்டுவோம். ஒரு நாள் ஈரலுக்குள் கோலிக்குண்டு மாதிரி வெள்ளையாக ஒரு பை இருந்தது. கத்தி பட்டதும் உள்ளிருந்து தண்ணீர் தெறித்தது. "இதைப் போடலாமாக்கா?" என்றேன். "தண்ணிதானேடி, போடு," என்றாள்.

போட்டுவிட்டேன், ஆனாலும் மனசு கேட்கவில்லை. காப்பி என்று ஒரு லேப்ரடார் அடிக்கடி வந்து தங்கும். அதன் மேடம் நன்றாகத் தமிழ் பேசுவார். தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "வேக வெச்சுப் போடட்டுமா மேடம்?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது: "காட்டுல ஓநாய்க்கு யாரும்மா குக்கர் வெச்சுக் குடுக்கறாங்க?"

முத்தம்

சனிக்கிழமைகளில் என் பெண் மீனுவை விட்டுவிட்டு வர இடம் இருக்காது. கூடவே கூட்டிப் போவேன். காப்பி அவள் முகத்தை நெற்றியிலிருந்து மோவாய் வரை நக்கும். மீனு கண்ணை மூடிக்கொண்டு காட்டுவாள். ஒரு நாள் நான் ஓடிப்போய்த் துப்பட்டாவால் துடைத்தேன். காப்பியைக் கூட்டிப்போக வந்த மேடம் போட்டோ எடுத்தபடியே சொன்னார்: "துடைக்காதேம்மா, அது முத்தம் குடுக்குது."

கழற்சிக்காய்ப் பொடி

அதற்கப்புறம் சில வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலப்பக்கம் விலாவுக்குக் கீழே ஒரு கனம். குனிந்து கூண்டு கழுவினால் வலிக்கும். கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக் காலம் ஓட்டினேன். கடைசியில் என் வீட்டுக்காரர் ஸ்கேனுக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்த பெண் தமிழ்ப் பெண். "உள்ளே ஈரல்ல நீர்க்கட்டி இருக்குக்கா, டாக்டர்கிட்ட காட்டுங்க," என்றாள்.

ஈஜிபுராவில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மஞ்சுளா அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். நீர்க்கட்டி என்று என் வாயிலிருந்து வந்த உடனேயே அவர் கர்ப்பப்பை என்று முடிவு கட்டிவிட்டார். கட்டி ஈரலில் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அதற்கு நாட்டு மருந்து என்று கழற்சிக்காய்ப் பொடி டப்பா கைக்கு வந்துவிட்டது. தெருவில் இரண்டு பேர் கூடிவிட்டார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சரிக்கா, சரிக்கா என்று தலையாட்டினேன். அந்தக் கசப்பைத் தினமும் மோரில் கலந்து குடித்தேன். மஞ்சுளா அக்கா தைரியம் சொன்னார்: "மீனுவுக்கப்புறம் ஏன் நிக்கலன்னு இப்பத்தான் தெரியுது, பயப்படாதே, அடுத்த வருஷம் தொட்டில் கட்டிடலாம்."

வீட்டில் நாய் இருக்கா?

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் கன்னடக்காரர். தமிழ் கொஞ்சம் கொஞ்சம் பேசுவார். ஸ்கேனைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் நாய் இருக்கிறதா என்பது. இல்லை என்றேன். பொய் இல்லை, எங்கள் வீட்டில் மனுஷர்கள் படுக்கவே இடம் போதாது. எங்கே வேலை செய்கிறாய் என்று அவர் கேட்கவில்லை, கேட்காததைச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் என் துப்பட்டாவையே பார்த்தார். "நாய் இல்லேன்றே. அப்போ இந்த முடி யாருதும்மா?"

ஆட்டு ஈரலில்

ஹாஸ்டல் வேலையையும் பச்சைக் கறியையும் சொன்ன பிறகு அவர் பொறுமையாக விளக்கினார். ஆட்டின் ஈரலில், நுரையீரலில் இருக்கிற அந்தத் தண்ணீர்ப் பையைப் பச்சையாகத் தின்றால் நாய்க் குடலில் நாடாப்புழு வரும். அதன் முட்டை நாயின் கழிவோடு வெளியே வரும், முடியில் ஒட்டும், நம் கைக்கு வரும், கையிலிருந்து வாய்க்கு. வாய்க்குப் போனால் நம் ஈரலிலும் அதே பை. எனக்கு செல்வி அக்காவின் கத்தியும் அந்தத் தண்ணீரும் கண்ணில் வந்து நின்றன. மாதக் கணக்கில் மாத்திரை, அப்புறம் ஆபரேஷன். அதுவரை வயிற்றில் அடி படக் கூடாது, உள்ளே உடைந்தால் உயிருக்கே ஆபத்து. கடைசியாக, கூட வந்திருந்த மீனுவைக் காட்டிக் கேட்டார்: "பாப்பாவும் அந்த நாய்ங்க கூட விளையாடுதா?"

வேற வேலை

நாய்கள் என்னைக் கண்டால் பாசத்தில் வயிற்றின் மேல்தான் பாயும். ஓனர் சாரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். எல்லா நாய்க்கும் அன்றே பூச்சி மாத்திரையைச் சீஸில் சுற்றிக் கொடுத்தார்கள். கஸ்டமர் காதுக்கு இது போகக் கூடாது என்று எனக்குச் சொன்னார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேறு வேலை கேட்டேன். மாட்டேன் என்று சொல்லவில்லை. "நாய் மேல பாயாத வேலைதானே வேணும்? கிச்சன்ல உக்காந்து கறி வெட்டு."

மரியாதையான வியாதி

என் வீட்டுக்காரர் தெருவில் உண்மையைச் சொல்லிவிட்டார். ஒரு ஆளிடமிருந்து இன்னொரு ஆளுக்கு இது ஒட்டாது என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னார். மறுநாள் பக்கத்து வீட்டுக்கு நான் மாவு கொடுத்திருந்த கிண்ணம் மாவோடு என் வாசலில் இருந்தது. மீனுவோடு விளையாட யாரும் வரவில்லை. குழாயடியில் மஞ்சுளா அக்காவைப் பார்த்தேன். அவர் குடத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு சொன்னார்: "தப்பா நினைக்காதேம்மா, நீர்க்கட்டின்னா அது கர்ப்பப்பையில இருக்கணும், அதுதான் மரியாதையான வியாதி."

மீனுவின் ஸ்கேன்

ஜெல் தடவியதும் மீனு சிரித்தாள், கூசுகிறதாம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் எனக்கு என்ன புரியும்? இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றார் டாக்டர். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் இது மெதுவாக வளர்வது, அடுத்த வருஷமும் பார்க்க வேண்டும், அதற்கடுத்த வருஷமும் பார்க்க வேண்டும் என்றார். வந்த மூச்சு பாதியில் நின்றது.

மீனு சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டு டாக்டரிடம் நேராகவே கேட்டாள், என் கூச்சம் அவளுக்கு இல்லை: "அம்மா வயித்துல இருக்கிற நாய்க்குட்டி எப்ப சார் வெளியே வரும்?"

நாய் ஹாஸ்டலில் வேலைக்குப் போன நான் நாய்ப் புழுவுக்கே ஹாஸ்டலாகிப் போனேன், காலி செய்கிற தேதியைத்தான் இன்னும் யாரும் சொல்லவில்லை.