கறுப்புக் கோட்டும் பாண் மணியும்

பேக்கரிக்குப் பாண் வண்டி ஓட்டுகிறவனுக்கு இரண்டு வேலை: விற்பது ஒன்று, விற்காததற்கு முதலாளியிடம் காரணம் சொல்வது மற்றது. தெருத்தெருவாக எதையாவது விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

முதல் மணி

ஹம் என்ற ஜெர்மன் நகரத்துக்கு வெளியே, ஒரு கடைகூட இல்லாத சின்னக் கிராமத்தை என் தலையில் கட்டினார்கள். முதல் நாள், ஊரின் நடு இதுதான் என்று நினைத்துத் தேவாலய வாசலில் வண்டியை நிறுத்திக் கைமணியை ஆட்டினேன். ஒரு சனம் இல்லை. ஓங்கி ஆட்டினேன்.

கடைசியில் ஹில்டா என்ற கிழவி கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு, தடியை ஊன்றி வந்து சேர்ந்தார். காது மந்தம். அந்த வாசலில் மணி கேட்பது சாவுக்கு மட்டும்தான் என்று எனக்கு யார் சொன்னார்கள்? பாண் தட்டுகளை அவர் பார்க்கவேயில்லை. “இந்த முறை யார்?” என்று கேட்டார்.

ஊர்ச் சரித்திரம்

ஹில்டாவின் பக்கத்து வீட்டுக்காரர் ஹைன்ஸ். ஒரு பாண் வாங்கினால் ஊர்ச் சரித்திரம் முழுவதையும் சொல்லித்தான் விடுவார். இது பள்ளிக்கூடம், அது மதுக்கடை, அந்த மூலையில் கொல்லன் பட்டறை. அவர் கை காட்டிய இடமெல்லாம் பூட்டிய கதவு.

போரில், ஷெல்லடியில் ஒரே நாளில் காலியான ஊர் என்னுடையது. அதனால், இந்தச் சனத்தை யார் துரத்தியது என்று கேட்டுவிட்டேன். “யாரும் துரத்தவில்லை. பிள்ளைகள் படித்துவிட்டார்கள்,” என்றார்.

அமோக விற்பனை

விற்பனை கூடாவிட்டால் அந்த ஊருக்கு வண்டி இல்லை என்றார் முதலாளி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நான் அதை ஹில்டாவிடம் சொன்னேன். அடுத்த வெள்ளியே தட்டுகள் காலி. ஹில்டா பை நிறைய, ஹைன்ஸ் கூடை நிறைய வாங்கினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. முதலாளி முதுகில் தட்டினார்.

பேக்கரியில் பாண் அடுக்குகிற ராணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. “தம்பி, அங்கை இருக்கிறது வயதுபோன சனம் நாலு பேர். இவ்வளவு பாணையும் எங்கை வைக்கினம்?”

பிரீசர்

பனிக்காலத்தில் பாதை மூடி இரண்டு கிழமை வண்டி போகவில்லை; பிறகு போன நாளில் ஹில்டா வரவில்லை. போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் ஹைன்ஸ். ஹில்டாவைப் போன கிழமையே அடக்கம் செய்துவிட்டார்களாம். வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் என்னை நிலவறைக்குக் கூட்டிப்போய் பிரீசரைத் திறந்து காட்டினார். அடியிலிருந்து மேல்வரை எங்கள் பாண், பை பிரிக்காமல்.

எனக்கு அழுகை வந்தது. இனி வாங்காதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வண்டி நின்றுவிடும், அவருக்கு என்னை விட்டால் பேச ஆளில்லை. நான் பிரீசரை மூட, அவரே சொன்னார்: “என் பிரீசர் பெட்டியும் நிரம்பிவிட்டது. இனி எங்கே வைப்பேன்?”

விற்பனை விழ, அடுத்த மாதமே முதலாளி அந்த ஊரை வண்டிப் பாதையிலிருந்து வெட்டிவிட்டார். இனி அங்கே மணி கேட்டால் அது நிச்சயமாகப் பாணுக்கில்லை.