பால்கறை போகாத போர்வை

இன்று சிலிபின் வட்டாரத்தில் துணி வெளுக்கும் டோபி கடையில் வாதாடிவிட்டு வந்தேன், தோழிகளே.

எங்கள் பெரியத்தை, அப்பாவின் மூத்த அக்கா, போன மாதம் எண்பது வயதில் இறந்தார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி, பால் எடுத்துத் தம்பிகளை வளர்த்தவர். வீட்டில் யார் சட்டை கிழிந்தாலும் அதிலொரு துண்டைத் தம் போர்வையில் சேர்த்துத் தைப்பார். தைத்து முடிக்கும்வரை அந்தச் சட்டைக்காரருக்காகச் செபிப்பார்.

ஞாயிறு நினைவுப் பூசையில் அந்தப் போர்வையைப் பீடத்தின் முன் விரிக்கலாம் என்றேன்.

"பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. ஓரத்துல இருக்கிற கறுப்புக் கறை போனா கொண்டா, இல்லாட்டி வேணாம்" என்றார் சித்தப்பா.

கடைக்காரர் கறையைச் சுரண்டிப் பார்த்தார். "ரப்பர் பால்லா இது, போகாது. இந்தத் துண்ட வெட்டிட்டு வேற தைச்சுக்க, தங்கச்சி."

"வெட்ட வேணாம் அண்ணே. அத்தை வேலைக்குப் போட்ட சட்டை அது. சித்தப்பா காலேஜுக்குப் போனதே அந்தச் சட்டையாலதான்."

சிரித்தபடி மடித்துக் கொடுத்தார். "கொண்டு போ. உங்க சித்தப்பா கேட்டா என் பேரச் சொல்லாத."

ஞாயிற்றுக்கிழமை அதை அப்படியே விரிப்பேன், கறை இருக்கும் ஓரம் சித்தப்பாவின் வரிசையைப் பார்த்தபடி. பூசை முழுக்க அவர் கண்ணை மூடிக்கொண்டே செபிக்கிறாரா என்று நீங்களும் வந்து பாருங்கள்.